பரண்மேல் துப்பாக்கி
12. பித்தளை ஆணி

பரணிலிருந்து இறங்கிய நாள் முதலாக அந்தத் துப்பாக்கி அம்மாவின் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. ஒரு வாரமாக அம்மா கூடத்தில் பாய் விரித்துப் படுத்தாள். கேட்டால் முதுகு வலி என்றாள். முதுகு வலிக்காரர்கள் கட்டிலை விட்டுத் தரைக்கு வருவது உண்டுதான் என்று மூத்தவளும் அதற்கு மேல் கேட்கவில்லை.

அப்பா போய் நான்கு மாதம் ஆகிறது. பழைய மழைக்கோட்டுக்குள் சுருட்டி, கயிறு கட்டி, பரணின் கடைசி மூலையில் அவர் ஒளித்து வைத்திருந்த இரட்டைக்குழல் துப்பாக்கி அது. இளையவன் வேண்டாம் வேண்டாம் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டும் கேட்காமல், மூத்தவள் காவல் நிலையத்தில் போய்ச் சொல்லிவிட்டாள். அங்கிருந்த எழுத்தருக்கு அதைக் கையில் வாங்கவே மனமில்லை. ஒரு படிவத்தைக் கொடுத்து, எங்கே செய்தது, என்ன நம்பர், யாருடையது என்று லைசென்ஸ் உள்ள ரிப்பேர்க்காரரிடம் எழுதி வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து ஒப்படைக்கச் சொல்லிவிட்டார்.

இன்று சனிக்கிழமை. இன்று மாலை ஐந்து மணிக்குச் சித்தப்பா வருகிறார்.

முப்பத்திரண்டு வருஷமாக அண்ணன் வீட்டுப் படி ஏறாத சித்தப்பா. மர ஆலை முதலாளியின் வீட்டில் அப்பா டிரைவராக இருந்த காலத்தில், அதே வீட்டில் துப்பாக்கி அலமாரியின் சாவி இந்தச் சித்தப்பாவிடம்தான் இருந்தது. ஜோடித் துப்பாக்கியில் ஒன்று காணாமல் போனது. சாவி வைத்திருந்தவன்தான் திருடன் என்று அவரை ஒரே நாளில் வெளியே தள்ளினார்கள். அண்ணன் வாயைத் திறக்கவில்லை. தம்பி ஊரை விட்டே போனார். போன இடத்தில் லிஃப்ட் மெக்கானிக் ஆனார், கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

பரணில் கிடைத்தது அந்தத் துப்பாக்கிதானா? ஆமாம் என்றால் திருடன் யார்? மூத்தவளுக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்காததற்குக் காரணம் இந்த ஒரே கேள்விதான்.

---

காரை மூத்தவள் ஓட்டினாள். கார் இளையவனுடையது. அவன் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறான். பயிற்சியாளர் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. அது இருக்கிறவரைக்கும் அவனுக்கு யார் ஓட்டினாலும் நம்பிக்கை வராது.

"அக்கா, சிக்னல்."

"தெரியுது."

"மஞ்சள் விழுந்துருச்சு."

"நாள் பூரா ஊர்க்காரங்க கண்ணுக்கு லென்ஸ் மாட்டுறவ நான். எனக்கு மஞ்சள் தெரியாதாடா?"

அவன் தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்தான். பின் சீட்டில் போர்வைக்குள் இருந்த துப்பாக்கி சறுக்கிக் கீழே விழுந்தது. இருவருமே சற்று நேரம் திரும்பிப் பார்க்கவில்லை.

"எதுக்கு இந்த அலைச்சல்?" என்றான் இளையவன். "நேத்து நீயேதானே லென்ஸ் வச்சுப் பாத்த? குழல் மேல தங்கத்துல ரெண்டுன்னு பொறிச்சிருக்கு. உன் கடுதாசிக்குப் பதிலா சித்தப்பா நகல் அனுப்பினாரே, அவரை வேலையை விட்டு நீக்கின கடுதாசி, அதுல என்ன இருக்கு? ஜோடியில முதலாவது, நம்பர் நாலாயிரத்து நூத்தி எழுபத்தொண்ணு. காணாமப் போனது ஒண்ணு. நம்மகிட்ட இருக்கிறது ரெண்டு. முடிஞ்சு போச்சு."

"முடிஞ்சதுன்னா அப்பா ஏன்டா அதை ஒளிச்சு வைக்கணும்?"

"லைசென்ஸ் இல்லாம இருந்திருக்கும். யாராவது குடுத்திருப்பாங்க. அப்பாவைப் பத்தி நமக்குத் தெரியாதா?"

தெரியும். அதனால்தான் மூத்தவளும் அந்த இரண்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். யாரோ காரில் மறந்துவிட்டுப்போன குடையைக் கொடுப்பதற்காக ஊரின் மறுகோடி வரை நடந்தவர் அப்பா. அவளுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது ரேடியோவின் கண்ணாடியை உடைத்துவிட்டுத் துணியைப் போட்டு மூடி வைத்தாள். இரண்டு நாள் கழித்து அது தெரியவந்தபோது அப்பா சொன்ன வார்த்தை இன்னும் காதில் இருக்கிறது: "உடைச்சதுக்கு அடிக்க மாட்டேன். மறைச்சதுக்குத்தான் அடிப்பேன்."

அடிக்கவும் செய்தார்.

---

துப்பாக்கி ரிப்பேர்க்காரரின் பட்டறை ஒரு சைக்கிள் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் இருந்தது. மனிதர் வெடிச் சத்தத்திலேயே காதைத் தொலைத்தவர். அதனால் உலகமே செவிடு என்று எண்ணிக்கொண்டு பேசுவார். வீட்டு ரகசியத்தை எடுத்துக்கொண்டு வருபவர்களுக்கு இதைவிட மோசமான இடம் கிடைக்காது.

"போலீஸ் கேஸா?" என்றார். ஜெராக்ஸ் கடை வாசலில் நின்ற மூன்று பேர் திரும்பினார்கள்.

"இல்லீங்க. விவரம் எழுதித் தரணும், அவ்வளவுதான்" என்று இளையவன் படிவத்தை நீட்டினான்.

அவர் துப்பாக்கியை வாங்கி, மேலே இருந்த நெம்புகோலில் எண்ணெய் விட்டுக் காத்திருந்தார். ஒரு வாரமாக அக்காவும் தம்பியும் மல்லுக்கட்டியும் திறக்காத துப்பாக்கி, அவர் கட்டைவிரலால் தள்ளியதும் முனகிக்கொண்டு மடிந்தது. இரண்டு குழலுக்குள்ளும் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தார்.

"காலி. இதைப் பாக்காம நான் பேச ஆரம்பிக்கிறதில்லை."

குழலுக்கு அடியில் கை தாங்கும் முன்கட்டையைக் கழற்றினார். குழல்களைத் தூக்கித் தனியே எடுத்தார். மேஜைத் துணியின்மேல் துப்பாக்கி மூன்று துண்டாகக் கிடந்தது. இவ்வளவுதானா என்று இருந்தது மூத்தவளுக்கு.

"கடல் தாண்டி வந்த சரக்கு" என்றார் அவர். "குழலுக்கு அடியில பாருங்க, சின்னச் சின்ன முத்திரை. பலமா மருந்து போட்டு வெடிச்சுப் பாத்து, தாங்குச்சுன்னாதான் இதைக் குத்துவாங்க. இதை வச்சு எந்த நாடு, எந்தக் காலம்னு சொல்லிடலாம். எண்பது வருஷத்துக்குக் குறையாது. கையால செஞ்சது. ஜோடி."

"ஜோடின்னா?"

"ஒரே மரத்துக் கட்டை, ஒரே எடை. பெரிய மனுஷன் ஒண்ணால சுடச் சுட, பின்னாடி நிக்கிறவன் இன்னொண்ணுல தோட்டா போட்டுக் குடுப்பான். மாறிப் போகக்கூடாதுன்னு மேல ஒண்ணு ரெண்டுன்னு பொறிச்சிருப்பாங்க."

"இது ரெண்டுதானே?" என்றான் இளையவன், முந்திக்கொண்டு.

"மேல ரெண்டு. லைசென்ஸுல எழுதுறது அந்த எண் இல்லை." விசையைச் சுற்றியிருந்த இரும்பு வளையத்தில் எண்ணெய்த் துணியால் தேய்த்தார். துரு கரைந்து வந்தது. கண்ணைச் சுருக்கினார். "என்னமோ இருக்கு. எனக்குத் தெரியல."

மூத்தவள் கைப்பையிலிருந்து தன் லென்ஸை எடுத்தாள். மூக்குக்கண்ணாடிகளின் காம்பில் எறும்புக் கால் போல எழுதியிருக்கும் எண்களை நாள் முழுக்கப் படிக்கிறவளுக்கு இது பெரிய வேலையில்லை. படித்தபிறகு நிமிரத்தான் நேரமானது.

"நாலு, ஒண்ணு, ஏழு, ஒண்ணு."

"குழலுக்கு அடியில?"

"நாலு, ஒண்ணு, ஏழு... ரெண்டு."

"முன்கட்டையில?"

"எழுபத்தொண்ணு."

ரிப்பேர்க்காரர் சிரித்தார். "ஜோடியை ஒரே நேரத்துல பிரிச்சுப் போட்டுத் துடைச்ச ஆளு குழலை மாத்திப் பூட்டிட்டான். வேற துப்பாக்கின்னா பூட்டவே பூட்டாது. இது ஒரு வயித்துப் பிள்ளைங்க, பூட்டிக்கும். லேசா ஓரத்துல இடைவெளி தெரியுது பாருங்க. கைவேலை தெரிஞ்சவன்தான், ஆனா அன்னிக்கு அவன் புத்தி வேற எங்கேயோ இருந்திருக்கு."

"அப்போ இது எது? ஒண்ணா, ரெண்டா?" இளையவனின் குரல் இறங்கிவிட்டது.

"ஒண்ணு. இந்த வளையத்துல இருக்கிறதுதான் துப்பாக்கியோட நம்பர். குழல் சட்டை மாதிரி. தம்பி சட்டையை அண்ணன் மாட்டிக்கிட்டா அண்ணன் தம்பியாயிடுவானா?"

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். இளையவன் போன் வந்ததுபோல் பாவனை செய்துகொண்டு வெளியே போய்விட்டான்.

மூத்தவளுக்கு உட்கார வேண்டும் போலிருந்தது. கடையில் ஒரே ஒரு ஸ்டூல்தான். அதில் ரிப்பேர்க்காரர் இருந்தார். அவர் இப்போது கட்டையின் கழுத்தை, கை பிடிக்கும் மெல்லிய இடத்தை, விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"அட, இது எங்கப்பா வேலை."

அங்கே மரத்தின் குறுக்கே ஒரு மெல்லிய கீறல் ஓடியது. அதன் நடுவில், மிளகு அளவுக்கு ஒரு பித்தளை ஆணியின் தலை.

"கட்டை ஒடிஞ்சா எல்லாரும் ஆணியை உள்ளே மறைச்சு மேல மெழுகு வச்சிடுவாங்க. எங்கப்பா மறைக்க மாட்டாரு. அதனாலயே பாதிப் பேரு திரும்பி வரலை." சொல்லிக்கொண்டே பின்னால் இருந்த இரும்புப் பெட்டியைத் திறந்தார். "இங்கே ஒட்டுப்போட்டது எல்லாத்துக்கும் பதிவு உண்டு. சட்டப்படி வச்சுத்தான் ஆகணும். எந்த வருஷமா இருக்கும்?"

மூத்தவள் வருஷத்தைச் சொன்னாள். அவள் பிறந்த வருஷம் அதுதான், யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

மூன்றாவது பதிவேட்டில் கிடைத்தது. பழுப்பேறிய பக்கத்தில் ஒரே வரி. ஏழாம் தேதி. எண் 4171. கழுத்து உடைவு, ஜீப் கதவில் சிக்கியது. கொண்டுவந்தவர்: மர ஆலை டிரைவர்.

அப்பா திருடவில்லை!

ஒரு நொடி அவளுக்கு நெஞ்சில் காற்று வந்தது. உடைந்ததைச் சரிசெய்து, முதலாளிக்குத் தெரியாமல் அலமாரியில் வைத்துவிடப் பார்த்திருக்கிறார். அவ்வளவுதான். அப்புறம் அவளுக்குச் சித்தப்பாவை நீக்கிய கடிதம் நினைவுக்கு வந்தது. அதில் போட்டிருந்தது அதே மாதம், தேதி ஒன்பது. ஏழாம் தேதி துப்பாக்கி இந்தப் பட்டறையில் இருந்தது. ஒன்பதாம் தேதி தம்பியைத் திருடன் என்று கழுத்தைப் பிடித்துத் தள்ளினார்கள். அது எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஒரே மனிதர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வந்த காற்று திரும்பிப் போய்விட்டது.

ஒரே மனிதர்தானா?

வரியின் கடைசியில் இன்னொரு தேதி இருந்தது. பதினெட்டு. பெற்றுக்கொண்டேன். அதற்குக் கீழே ஒரு கையெழுத்து. அது அப்பாவுடையது அல்ல. எழுத்துக்கு அடியில் ஒரு கோடு, கோட்டின் முனையில் ஒரு சுழி. பள்ளியில் படித்த காலமெல்லாம் தன் மதிப்பெண் அட்டைகளில் அவள் பார்த்த கோடு, அவள் பார்த்த சுழி.

"தெரிஞ்சவங்களா?" என்று கத்தினார் ரிப்பேர்க்காரர்.

"ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?" என்றாள் மூத்தவள்.

அவர் படிவத்தை நிரப்பினார். நாடு, காலம், எண், குழல் மாறியிருப்பது, ஒட்டுப்போட்டது எல்லாம் எழுதிக் கையெழுத்து வைத்தார். கடைசிக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டார். தற்போது வைத்திருப்பவர் கைக்கு எப்படி வந்தது?

"அதை நீங்கதான் எழுதணும். இரும்பும் மரமும் சொல்றதை நான் எழுதுவேன். மனுஷங்க சொல்றது எனக்குத் தெரியாது."

---

திரும்பும் வழியில் இளையவன் ஒருமுறைகூட பிரேக்கைத் தொடவில்லை. அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது.

"சித்தப்பாகிட்ட ரெண்டுன்னே சொல்லிடுவோம்" என்றான் கடைசியில். "மேல ரெண்டுன்னு போட்டிருக்கு, அவரே பாக்கட்டும். போலீஸுக்கு என்ன வேணா எழுது. அவருக்கு எதுக்கு? இத்தனை வருஷம் கழிச்சு அப்பா செத்தப்புறம் அப்பாவைக் கெட்டவராக்கி யாருக்கு என்ன வரப்போகுது?"

"சித்தப்பாவுக்கு அவரு பேரு திரும்ப வரும்."

"அம்மாவை நினைச்சுப் பாத்தியா? அம்மாவுக்கு இது தெரிஞ்சா தாங்குமா?"

மூத்தவள் சாலையைப் பார்த்து ஓட்டினாள். பதிவேட்டில் இருந்ததைச் சொன்னவள், அந்தக் கையெழுத்தைப் பற்றி மட்டும் அவனிடம் சொல்லவில்லை. வாய் வரை வந்தது. அம்மா, அம்மா என்று உருகுகிறவனிடம் எப்படிச் சொல்வது?

---

ஐந்து மணிக்கு வரவேண்டிய சித்தப்பா நான்கு மணிக்கே வந்து உட்கார்ந்திருந்தார். வாசலை ஒட்டிய நாற்காலி. காலில் ஷூ. பக்கத்து முக்காலியில் டீ ஆடை கட்டிக் கிடந்தது. அம்மா சமையலறை வாசற்படியில் நின்றிருந்தாள், உள்ளேயும் இல்லாமல் வெளியேயும் இல்லாமல்.

போட்டோவில் மட்டுமே பார்த்த முகம். நேரில் அப்பாவின் மூக்கு. மூத்தவளுக்குச் சட்டென்று கண் கலங்கியது.

"நீதான் கடுதாசி போட்டவளா?" என்றார். "நல்லா வளந்துட்டே. நான் போகும்போது நீ உங்கம்மா வயித்துல இருந்தே."

இளையவன் போர்வையோடு துப்பாக்கியை மேஜைமேல் வைத்தான். ஒரே மூச்சில் சொன்னான்: "ரெண்டாம் நம்பர், சித்தப்பா. அங்கே காணாமப் போனது ஒண்ணு. இது வேற. நீங்களே பாருங்க."

சித்தப்பா எழுந்து வந்தார். குழலின்மேல் இருந்த தங்க எண்ணைப் பார்த்தார். பார்த்தபடியே நின்றார். பிறகு முப்பத்திரண்டு வருஷம் லிஃப்ட் கம்பியைப் பிடித்த கை, நேற்றுவரை இந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்ததுபோல, நெம்புகோலைத் தள்ளி, முன்கட்டையைக் கழற்றி, குழல்களைத் தூக்கியது. அடியில் ஒரு பார்வை. வளையத்தில் ஒரு பார்வை. லென்ஸ்கூட வேண்டியிருக்கவில்லை.

"மாத்திப் பூட்டினது நான்தான்" என்றார்.

கையிலிருந்த குழலைப் புரட்டிப் பார்த்தார்.

"ரெண்டையும் ஒரே துணியில பிரிச்சுப் போட்டுத் துடைச்சிட்டிருந்தேன். அண்ணன் வந்து, அண்ணியோட சொந்தத்துல உனக்கு ஒரு பொண்ணு பாத்திருக்கோம்டா, அடுத்த வாரம் போய்ப் பாக்கலாம்னாரு. அப்புறம் எனக்கு எந்தக் குழல் எதுன்னு தெரியுமா?" லேசாகச் சிரித்தார். "மறுநாளே கண்டுபிடிச்சேன். ஞாயித்துக்கிழமை மாத்திக்கலாம்னு விட்டேன். அந்த ஞாயித்துக்கிழமை எனக்கு வரவே இல்லை."

குழலை மெதுவாகப் போர்வையின்மேல் வைத்தார். "அப்போ அண்ணன்தான்."

"சித்தப்பா, அப்பா திருடலை" என்றாள் மூத்தவள். "கட்டை உடைஞ்சு போச்சு. சரி பண்ணக் குடுத்திருந்தாரு. அதுக்குள்ள உங்களை..."

அவர் தலையை ஆட்டினார். அம்மாவின் பக்கம் திரும்பினார். "அண்ணி, உங்களுக்குத் தெரியுமா?"

அம்மா மகளைப் பார்க்கவில்லை. மகளின் தோளில் தொங்கிய கைப்பையைப் பார்த்தாள். அதற்குள் போன் இருந்தது. போனுக்குள் அந்தப் பக்கம் இருந்தது. அம்மாவுக்கு அது தெரிய வழியில்லை. ஆனாலும் பார்த்தாள்.

"தெரியாது" என்றாள்.

"உங்களுக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும்" என்றார் சித்தப்பா. "உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா விட்டிருக்க மாட்டீங்க. இத்தனை வருஷமும் எனக்கு அது ஒண்ணுதான் ஆறுதல். அந்த வீட்டுல என்னைத் திருடன்னு நினைக்காத ஒரு ஆளு அண்ணின்னு சொல்லிக்கிட்டே காலத்தை ஓட்டிட்டேன்."

மூத்தவள் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சொல்லிவிடலாம். சொல்லாமலும் இருக்கலாம். இரண்டுமே அம்மாவைக் கொல்வதுபோல் இருந்தது.

அம்மா படியிலிருந்து இறங்கி வந்தாள். மேஜைமேல் கிடந்த கட்டையின் கழுத்தில் விரலை வைத்தாள். தேடவில்லை, விரல் நேராகப் பித்தளை ஆணியின்மேல் போய் நின்றது.

"ஆணி வெளிய தெரியுதேன்னு நான்தான் கேட்டேன்" என்றாள். "தெரியட்டும்மா, ஒடைஞ்சது ஒடைஞ்சதுதானேன்னாரு அந்தப் பட்டறைக்காரரு. ஏழு மாச வயித்தோட நான்தான் போய் வாங்கிட்டு வந்தேன். திரும்பக் கொண்டுபோய்க் குடுத்தா வேலை போகும், குவார்ட்டர்ஸ் போகும்னு பயம். உங்க அண்ணன் உண்மையைச் சொல்லப் போறேன்னுதான் கிளம்பினாரு. தம்பி ஒண்டிக்கட்டை, எங்க போனாலும் பிழைச்சுக்குவாருன்னு சொல்லி நிறுத்தினது நான்."

இளையவனின் கால் தரையில் இல்லாத பிரேக்கை அழுத்திக்கொண்டிருந்தது.

சித்தப்பா போய் வாசல் நாற்காலியில் உட்கார்ந்தார். குனிந்து ஷூ நாடாவில் கை வைத்தார். இறுக்கிக் கட்டிக்கொண்டு கிளம்பப் போகிறார் என்றுதான் மூத்தவள் நினைத்தாள். தன்னையறியாமல் கதவுக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றாள்.

அம்மா படிவத்தை இழுத்து வைத்துக்கொண்டாள். காலியாக இருந்த கடைசிக் கட்டத்தைப் பார்த்தாள். பேனாவைத் திறந்தாள்.

"நானே எழுதுறேன். என் பேரையும் போட்டு எழுதுறேன். நாளைக்கு ஸ்டேஷன்ல குடுத்திடு."

"எழுதாதீங்க அண்ணி."

குனிந்தபடியேதான் சொன்னார். நாடா ஒன்று அவிழ்ந்து தரையில் கிடந்தது.

"ஊருக்கு அப்புறம் எழுதலாம். முதல்ல என்கிட்ட சொல்லுங்க. எனக்குத்தான் முதல்ல சொல்லியிருக்கணும். கட்டை உடைஞ்ச நாள்லருந்து சொல்லுங்க."

அம்மா பேனாவை மூடினாள். எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். மகனையும் மகளையும் ஒருமுறை பார்த்துவிட்டு, கொழுந்தனின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"அன்னிக்கு ஜீப் கதவைச் சாத்திக் கட்டையை உடைச்சது உங்க அண்ணன் இல்லை, தம்பி."